அந்த ஒற்றை நாற்காலி

என் அருமைக் குருவிக்கு, பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அப்பனுக்கு இருமல் விட்டுவிட்டது, அவன் பேசுகிற பேச்சுக்கு இருமலே தேவலை. இந்தக் கடிதத்தை உன் அம்மாதான் போனில் படம் பிடித்து அனுப்பப் போகிறாள், தன் அண்ணனைப் பற்றி நான் எழுதியிருப்பதை அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

நீ எழுதியதை உன் அப்பன் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தான். மூன்று மாதப் படிப்பு முடிகிற அன்று விழாவாம், அந்த ஊரில் துணையாக இருந்த ஒருவரை ஒவ்வொரு பிள்ளையும் அழைத்துவந்து மேடையில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டுமாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலிதானாம். மாமாவைக் கூப்பிடவா, சலவைக் கடை அம்மாவைக் கூப்பிடவா என்று கேட்டுவிட்டு நீயே பதிலும் எழுதியிருந்தாய், மாமா என்றால் பேராசிரியர்களிடம் நாலு வார்த்தை பேசுவார், அந்த அம்மாவுக்கு அங்கே என்ன புரியும் என்று. உன் அப்பன் தலையாட்டியதோடு நிற்காமல் அப்போதே உன் மாமாவுக்குப் போனும் போட்டுச் சொல்லிவிட்டான். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

உன் மாமாவின் விலாசத்தைச் சீட்டில் எழுதி உன் பைக்குள் வைத்தவள் நான்தான், நம் பிள்ளைக்கு அங்கே ஆள் இருக்கிறது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவளும் நான்தான், அந்த வெட்கத்தை இன்னும் மென்று முடிக்கவில்லை. நீ போய் இறங்கிய அன்று மழையில் நின்று மூன்று முறை அவரைப் போனில் கூப்பிட்டாய். “வீட்ல விருந்தாளிங்க இருக்காங்கம்மா, டாக்ஸி பிடிச்சு எங்கயாவது போயிடு, போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு” என்றார் அந்த மகராசன். எங்கேயாவது என்கிற ஊருக்கு டாக்ஸி எவ்வளவு கேட்பான் என்றும் சொல்லியிருக்கலாம். ஐந்து வாரம் கழித்து ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து, உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்து, மாமா இருக்கப் பயமேன் என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் அனுப்பினார். அந்த டப்பாவும் ஏற்கெனவே பிரித்த டப்பா என்று நீதானே சொன்னாய்.

நனைந்து நின்ற உன்னை யார் என்றுகூடக் கேட்காமல் உள்ளே இழுத்துக்கொண்டவள் அந்தச் சலவைக்காரி. காய்ச்சலில் கிடந்த நாலு நாளும் பின்னறைக் கட்டிலை உனக்கு விட்டுவிட்டு அழுக்கு மூட்டைகள் மேல் படுத்தாள், நீ இப்போது தங்கியிருக்கும் மாடி அறையையும் வீட்டுக்காரரிடம் அவளே பேசி வாங்கிக் கொடுத்தாள். குளிருக்கு ஏதோ பழைய கோட்டு ஒன்றும் கொடுத்தார் என்று எழுதினாய். ஏதோ பழைய கோட்டா? தையல் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவளடி நான். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தேன். கை முனையில் நாலு பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது, கீழ்ப் பட்டன் விளிம்போடு ஒட்டி நிற்கிறது, எந்தத் தையற்காரனும் பட்டனை அங்கே வைக்கமாட்டான். அவள் நெடுநெடுவென்று உயரம், நீ குள்ளக்கத்திரிக்காய், உனக்காகக் கையை வெட்டியிருக்கிறாள். திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பவள் உள்ளே மடித்துத் தைப்பாள், வெட்டமாட்டாள். முழங்கையில் தேய்ச்சல்கூட இல்லை, அவளிடம் இருந்ததில் நல்லது அதுவாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு நின்ற எனக்கு ஒரு படத்தில் தெரிந்தது, பதினாறு வருடம் படித்த நீ தினமும் அதற்குள் கையை நுழைக்கிறாய், உனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன புரியும் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இன்று காலை உன் மாமாவுக்கு நானே போன் செய்தேன். விழாவுக்குப் புது டை வாங்கியாயிற்று என்றார். அதைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்காருங்கள், நாற்காலி வேறு ஆளுக்கு என்றேன். துணி துவைப்பவளுக்கா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் அத்தை என்று இழுத்தார். “அந்த நாலு பேரும் உங்க வீட்டு விருந்தாளிங்கதானே தம்பி, நீங்களே சொல்லிக்குங்க” என்று வைத்துவிட்டேன். உன் அம்மா அரை நாளாக என்னோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று. அவளைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லாதே. கடையில் கூட்டம் இருக்கும்போது போய், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி விழாவுக்கு வாருங்கள் என்று கூப்பிடு. கடையை யார் பார்ப்பது என்பாள், அன்று காலை வாடிக்கைக்காரர்களுக்குப் போக வேண்டிய துணியை முந்தின நாளே நீ கூட நின்று மடித்துக் கொடு. மேடையில் அவளோடு யாராவது பேச வந்தால் நீ பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடு, உன் படிப்பு அதற்காவது உதவட்டும். எவ்வளவு கெஞ்சியும் வரமாட்டேன் என்றால் அந்த நாற்காலி காலியாகவே இருக்கட்டும், உன் மாமா உட்காருவதைவிட அதற்கு அதுதான் மரியாதை.

நோய்நொடி இல்லாமல், நீ போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். உனக்கும் இருமல் என்றாயே, மருந்தை வெறும் வயிற்றில் குடிக்காதே. கூப்பிட்டாயா இல்லையா என்று எனக்கு நேரே சொல், உன் அப்பன் வழியாகச் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பனைப் பெற்ற பாவத்துக்கு உன்னைப் பேத்தியாகப் பெற்றவள்,
பாட்டி