ஆர் வரிசையில் ஒரு சுருக்கொப்பம்

மூன்று நாளாக எனக்கு வயிறு சரியில்லை. மருந்துக் கடையில் கொடுத்த உப்புக் கரைசல் பொட்டலத்தைக் கிழித்ததும் போலி ஆரஞ்சு வாசனை அடித்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ரீப்ளெனிஷ்’ என்ற ஆங்கில வினைச்சொல். அதன் கீழே, ‘இழந்த நீரை மீண்டும் நிரப்பவும்’ என்று தமிழ். உடம்பு என்ன, வாளியா? நீ இருந்திருந்தால் பொட்டலத்தோடு மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பாய். ஆனால் அந்தத் தமிழ் நம் அகராதியில் இருக்கும் தமிழ். அதாவது, என்னுடையது.

அபிராமபுரத்து மாடி அறையில் நாம் ஆங்கிலம்–தமிழ் அகராதி செய்த நாட்களில் நமக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் பார்க்க வேண்டும். இருவருடைய சுருக்கொப்பமும் சிவப்பு மையில் விழாத சீட்டு அச்சகத்துக்குப் போகாது. ஆங்கில ‘ஆர்’ எழுத்து வரிசை உன் பங்கு. அதில் ‘ரீப்ளெனிஷ்’ என்ற இந்த ஒரு சொல்லில் நீ மூன்று வாரம் உட்கார்ந்தாய்.

லத்தீனில் ‘நிறைந்த’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று எழுதினாய். முதலில் அது வெறுமனே நிரப்புவதைத்தான் குறித்தது, செலவானதை ஈடுகட்டுவது என்ற பொருள் பிற்பாடு கெட்டிப்பட்டது என்று சேர்த்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இதுக்கு ஒரு நடமாடற தமிழ் வேணும்டா” என்று பேனாவை மூடி வைத்துவிட்டாய்.

ஒரு நாள் காலை தெருவில் தண்ணீர் லாரி வந்தது. நீ பால்கனியில் தொங்கிக்கொண்டு நின்றாய். முக்கால் குடத்தோடு ஒரு பெண் மறுபடி வரிசையில் நுழைந்தாள். வரிசையில் நின்ற இன்னொருத்தி மறித்தாள்.

“யம்மா, ஒரு தபா ரொப்பினு போனா அவ்ளோதான். இன்னா திரும்பி வர்ற?”

“வூட்டாண்ட போறதுக்குள்ள கொழந்த தட்டி ஊத்திச்சு. கொறஞ்சத ரொப்பிக்கினு போறேன். உன் கொடத்துலயா கைய வச்சேன்?”

“கேட்டியா!” என்று என் முதுகில் ஓங்கி அடித்தாய். “கொறஞ்சத ரொப்பறது! காலியை நிரப்பறது இல்லடா. இருந்தது, போச்சு, திரும்பப் பழையபடி ஆக்கறது. கிணறு, சரக்கு, உடம்புத் தெம்பு, எல்லாத்துக்கும் ஒத்து வரும்.”

“ரொப்பறதை அகராதில போட்டா பண்டிதர்லாம் உதைப்பா.”

“உதைக்கட்டும். வாங்கிக்கத்தான் நீ இருக்கியே.”

சிரித்தேன். ஆனால் சீக்கிரம் முடிக்கச் சொல்லி தி. நகர் பதிப்பாளரின் தொலைபேசி தினமும் என்னைத்தான் அழைத்தது. நங்கநல்லூர் வீட்டில் நீ காய்ச்சலில் படுத்த வாரம், உன் சீட்டை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன்: ‘மீண்டும் நிரப்பு.’ வேறொன்றும் இல்லை. என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். பக்கத்தில் உன்னுடையதையும் நானே போட்டேன். உன் சுழி எனக்கு நன்றாகவே வந்தது.

மெய்ப்புத்தாள் வந்தபோது அந்தச் சீட்டு மேலேயே இருந்தது. நெடுநேரம் பார்த்தாய். “என் கை மாதிரியே இருக்கே” என்றாய். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். மறுநாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

எஸ்ஸிலிருந்து இசட் வரை பதினோரு மாதம் தனியாக மாரடித்தேன். அந்தக் கோபத்தில்தான் முன்னுரையில் ‘இடையில் விலகிக்கொண்ட நண்பர்’ என்று உன்னைப் பற்றி எழுதினேன். கேட்டவர்களிடமெல்லாம், மூன்று வாரத்துக்கு ஒரு சொல் எழுதும் சோம்பேறி என்றேன். யாரும் உன்னிடம் விசாரிக்கவில்லை. நீயும் யாரிடமும் சொல்லவில்லை.

நீ செத்துப்போன செய்தியைத் தேனாம்பேட்டையில் பேருந்துக்கு நின்றபோது பழைய அச்சுக்கோப்பவர் ஒருவர்தான் சொன்னார். “நடுவுல வுட்டுட்டு ஓடினாரே சார், அவருதான்” என்றார். உனக்கு அவர் வைத்திருந்த அடையாளம் அது. நான் வைத்த பெயர்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. உன் பழைய சீட்டு மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அதை அப்படியே கொடுத்தேன், ‘குறைந்ததை ரொப்பு’ உட்பட. புது முன்னுரையில், உன் சுருக்கொப்பத்தை நான் போட்டேன், அதனால் நீ போனாய் என்று இரண்டு வரி எழுதினேன். பதிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்தவரு கேக்கப்போறாரா சார்? உங்க பேர்தான் கெடும். சீட்டை மாத்திக்கறேன், இந்த ரெண்டு வரி வேணாம்.”

“வரி இல்லேன்னா அட்டையில என் பேரும் வேண்டாம்.”

அச்சாகிவிட்டது. நேற்று பிரதி வந்தது. வரி இருக்கிறது. மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அன்று நீ ஒரு அறை விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாய் பார், அதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்ட வேண்டும் போல இருக்கிறது. திட்டுவதற்கும் எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது.