மனுவின் முதல் பத்தி

இரும்புலியூர்,
14.11.1991

அன்புள்ள கனகவல்லிக்கு,

வக்கீல் ஜெபராஜ் எழுதிக்கொள்வது. தோள்பட்டை எலும்பு கூடிவிட்டதா, கையைத் தூக்க முடிகிறதா என்று கேட்க ஆசை. கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். உன் புது வக்கீல் சாமுண்டீஸ்வரியிடம் கொடுத்து இதை அனுப்புகிறேன். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு வாரமாக அடைமழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என் மனைவிக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. எதையெதையோ எழுதுகிறேன் பார், விஷயத்துக்கு வர இன்னும் பயம்தான்.

ஜூன் மாதம் கோவிலம்பாக்கத்து வீட்டை விட்டு ஓடி வந்து என் முன்னறையில் உட்கார்ந்தாயே, அன்று நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பொழிச்சலூர்ல ஹில்டா டீச்சர் வீட்டுப் பின் போர்ஷன்ல இருக்கேன் சார். அது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது” என்றாய். மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே, சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினேன்.

பிறகு உன் ஜீவனாம்ச மனுவை எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியில் மனுதாரரின் பெயர், வயது, கதவு எண், தெரு, ஊர். இருபத்தாறு வருடப் பழக்கம், பேனா தானாக ஓடிவிட்டது. காரணத்தைக் கோர்ட்டில் சொல்லி, என் ஆபீஸ் முகவரியைப் போட அனுமதி கேட்டிருக்கலாம். மனுவின் நகல் சம்மனோடு உன் கணவருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாதா? நீ ஒளிந்திருந்த இடத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான், அம்மா.

அவர் அங்கே தேடி வந்து அடித்து, நீ ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தபோது, “டீச்சர் யார்கிட்டயாவது சொல்லிட்டாங்களா சார்?” என்று கேட்டாய். இருக்கலாம் என்றேன். மனுவில் நான் செய்தது கவனக்குறைவு. இது அப்படியல்ல, தெரிந்தே சொன்ன பொய். அதை நம்பித்தான் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ ஊரை விட்டுப் போனாய்.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் டீச்சரைப் பார்த்தேன். “நான் யார்கிட்டயும் மூச்சு விடலை சார். கனகா ஏன் என் முகத்தையே பார்க்கலை?” என்று பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டார். அங்கேயே உண்மையைச் சொன்னேன். என்னைத் திட்டக்கூட இல்லை. உன் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பதாகவும், அந்தப் போர்ஷனை யாருக்கும் விடவில்லை என்றும் உன்னிடம் சொல்லச் சொன்னார்.

சாமுண்டீஸ்வரிக்கும் எல்லாம் தெரியும். இனி உன் பெயரில் போகும் எந்தக் காகிதத்திலும் அவருடைய ஆபீஸ் முகவரிதான் இருக்கும். என் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுக்க உனக்கு உரிமை உண்டு. கொடுத்தால் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடு. நான் மறுக்க மாட்டேன்.

எனக்குப் பதில் வேண்டாம். டீச்சருக்கு மட்டும் இரண்டு வரி எழுது. அதையும் சாமுண்டீஸ்வரி கையிலேயே கொடுத்தனுப்பு. உறையின் மேல் நீ இருக்கும் ஊரை எழுதிவிடாதே.

யாராவது கதவைத் தட்டினால் பயப்படாமல் எழுந்து போய்த் திறக்கிற நாள் உனக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

நீ நம்பி வந்த,
ஜெபராஜ்