இருபத்தொரு குழிகள்

திருவண்ணாமலை,
கார்த்திகை 2.

அன்புள்ள செழியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா, நான், குழந்தை எல்லோரும் நலம். மலேசியாவில் ஓயாத மழை என்றாயாம். காலில் சேற்றுப்புண் வராமல் பார்த்துக்கொள். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

தீபத்துக்கு ஊர் நிரம்பத் தொடங்கிவிட்டது. செங்கம் ரோட்டில் நடக்க இடமில்லை. நான் போன வாரம் முழுவதும் ஆராயி வீட்டில் இருந்தேன். நம் மண் பரிசோதனை லேபைப் பெருக்கித் துடைக்கும் அதே ஆராயிதான். ஏரியை ஒட்டிய அவள் மனையில், கோரை மக்கிய அந்தக் கறுப்புச் சேற்றைத்தானே நம் நுண்ணுயிரிகளை விட்டு இறுக்கினோம். அதன்மேல் கட்டிய வீடு சமையலறைப் பக்கம் இறங்கிவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை. சுவர் விரிசலில் என் விரல் போகிறது.

என் கணக்கில்தான் தப்பு என்று நினைத்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நுண்ணுயிரிகளை ஊற்ற அன்று தோண்டிய இருபத்துநான்கு குழிகள் இருந்த இடங்களில் துளைபோட்டு மண் எடுத்து அமிலம் விட்டேன். நுண்ணுயிரிகள் சுண்ணாம்பு கட்டியிருந்தால் மண் நுரைக்க வேண்டும். மூன்று மட்டும் நுரைத்தன. பரிசோதனைக்கு நீ மாதிரி எடுத்த அதே மூன்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போனேன். நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அப்பா, நீ புள்ள பெத்த அந்த வருஷம் ஊர்ல எவனுக்கும் யூரியா கிடைக்கல, எம்புள்ள ஒருத்தன்தான் ஆறு மூட்டை எறக்குனான்னு பெருமையாகச் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த உயிர்களுக்கு யூரியாதான் சாப்பாடு. பத்து நாள் வேளை தவறாமல் கரைத்து ஊற்று என்று பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கெஞ்சினேன். ஊத்தியாச்சுக்கா, நீ புள்ளயப் பாருன்னு சொன்னாய். எல்லாக் குழியிலும் ஊற்றியதாக நீ எழுதிய நோட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் வயல் வாடுகிறது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலையையே தள்ளிப்போட்டிருப்பேன். வேறு யாராவது செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். நீ செய்ததால் வயிறு எரிகிறது, செழியா.

அந்த நோட்டைக் காட்டித்தான் உனக்கு அங்கே வேலை கிடைத்தது. அதை நம்பித்தான் அடுத்த மாதம் அதே மாதிரிச் சேற்றின்மேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் போடப்போகிறீர்கள். நீயே உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் தீபம் முடிந்த மறுநாள் நான் அவருக்கு எழுதுவேன். என் வேலையும் போகலாம், கையெழுத்து என்னுடையதுதானே.

ஆராயியையும் பிள்ளைகளையும் நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வீடு ஏன் இறங்கியது என்று அவளிடம் சொல்ல வேண்டியவன் நீ. வூட்ட இருட்டா வுடக்கூடாதுங்கன்னு தினமும் சாயங்காலம் அங்கே போய் இரண்டு அகல் ஏற்றிவிட்டு வருகிறாள். அதில் ஒன்று உனக்காம். நம்ம தம்பி கடல் தாண்டிக் கீதுங்களே, நல்லா இருக்கட்டும்னு சொல்கிறாள். சாய்ந்த தரையில் எண்ணெய் ஒரு பக்கமாக வழிகிறது. உன் அகலுக்கு மட்டும் ஓட்டுத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து நேராக்கி வைக்கிறாள்.

அவள் வேண்டுதல் பலிக்கட்டும். முதலில் அவளுக்கு எழுது.

அக்கா,
கவிநிலா