மேல்கோடு வரை ஊற்றிவிட்டேன்

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? விரலில் அந்த எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தேன், சீயக்காய் தேய்த்துப் பார்த்தேன், பாத்திரம் தேய்க்கிற நாரைக்கூட எடுத்துவிட்டேன். ஊஹும். காபி டம்ளரைத் தூக்கினாலும் அதுதான், பேப்பரைப் பிரித்தாலும் அதுதான். முந்தாநாள் காலையில் நம் வண்டியில் நான் ஊற்றிய எண்ணெயின் வாசம். ஆமாம், நானேதான் ஊற்றினேன். சிரிக்காதே. சிரிக்கிற விஷயம் இல்லை இது.

முந்தாநாள் நம் பெண் வித்யா கடலூருக்குக் கிளம்பினாள். அவள் நாத்தனாருக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவார். இவள் பேத்தி நிலாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, வழியில் பாலவாக்கத்தில் மாமியாரை ஏற்றிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தானே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. நீ போன பிறகு நம் ஏழு சீட் வண்டி இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியாதா? இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் காகிதங்களாகவே படித்துப் படித்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் அது நசுங்கிய பிறகு எப்படி இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும்.

நீ ஓட்டும்போது இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டு நான் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவேன். முன்னால் ஒரு பஸ் நின்றால் போதும், உனக்கு முன்பே நான் மிதித்திருப்பேன். "ஏங்க, நீங்க மிதிக்கிற பிரேக்குக்கும் சேர்த்து ஆயில் மாத்தணும் போலிருக்கே" என்பாய். நிலாகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தாலும் காலை எடுக்க மாட்டேன்.

வெளியூர் கிளம்புகிற நாளில் நீ விடிந்ததும் கீழே இறங்கிவிடுவாய். தோளில் ஒரு பழைய துண்டு. பானெட்டைத் தூக்கி நிறுத்தி, அந்த நீளக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி செருகி, உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாய். இன்ஜின் ஆயில் ஆச்சா, அப்புறம் கூலன்ட், பிரேக், ஸ்டீயரிங், கடைசியில் கண்ணாடி துடைக்கிற தண்ணீர். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பேன். "இருக்கு, போய்க் குளிங்க" என்பாய். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறேன், இத்தனை வருஷமும்.

முந்தாநாள் அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லை. சரி, நாமே இறங்கிப் பார்ப்போம் என்று துண்டை எடுத்துக்கொண்டு போனேன். வித்யா மேலே நிலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் ஆயில் இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தது. கூலன்ட் இருந்தது. பிரேக் ஆயில் டப்பா மட்டும் மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. கீழ்க்கோட்டுக்கு மேலே இருந்தால் போதும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய். ஆனால் அந்த ஒரு விரல் இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. கடலூர் வரை குழந்தை போகிறதே, நிறைவாக இருக்கட்டுமே என்று தோன்றியது. பிரேக்கில் போய் யாராவது குறை வைப்பார்களா?

கார் நிறுத்துகிற இடத்துப் பின்சுவரில் உன் ஷெல்ஃப். ஊற்றியது போக மிச்சத்தையெல்லாம் நீ ஏதேதோ பாட்டிலில் வைத்திருப்பாய். ஒன்றிலும் பேர் எழுத மாட்டாய். சமையலறையில் பிஸ்கட் டின்னில் புளியும் ரவை என்று எழுதிய டப்பாவில் கடுகும் வைத்தவள்தானே நீ. கேட்டால், "எது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்பாய். உனக்குத் தெரியும். வரிசையை வைத்தே எடுத்துவிடுவாய். ஆனால் தை மாதம் வெள்ளையடிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, திரும்ப ஏற்றும்போது இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய சிரப் பாட்டில் ஒன்றில் தேன் நிறத்தில் கொஞ்சம் இருந்தது. டப்பாவில் இருந்ததும் ஏறக்குறைய அதே நிறம். ஊற்றினேன். மேல்கோடு வரை, கோடு மறையாமல், பார்த்துப் பார்த்து ஊற்றினேன். மூடியை இறுக்கினேன். மனசு நிறைந்துபோயிற்று. "எல்லாம் சரியா இருக்கு, கிளம்பும்மா" என்று உன் குரலில் சொல்லிக்கூடப் பார்த்தேன்.

வித்யா கிளம்பிப் போன பிறகு கை கழுவினேன். போகவில்லை. தண்ணீர் முத்து முத்தாக வழுக்கி ஓடுகிறது, விரல் அப்படியே பிசுபிசுவென்று இருக்கிறது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஒருமுறை உன் கை தவறிப் பிரேக் ஆயில் பம்பரில் கொட்டியது நினைவிருக்கிறதா? நீ பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாய், சட்டென்று கரைந்து ஓடிவிட்டது. "பேருதான் ஆயில். தண்ணில கரையும். ஆனா விட்டா பெயின்ட்டைத் தின்னுடும்" என்றாய். கரைய வேண்டியது ஏன் என் விரலில் கரையவில்லை?

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழசாகியிருக்கும், அதனால் கெட்டியாகியிருக்கும் என்று. பழசு என்று நினைத்ததும்தான் அந்தச் சண்டை ஞாபகத்துக்கு வந்தது. பாதிக்கு மேல் இருந்த பிரேக் ஆயில் டப்பாவை நீ மெக்கானிக்கிடம் கொடுத்துக் கொட்டச் சொன்னாய். புத்தம் புதுசு, இப்படி வீணடிக்கிறாயே என்று நான் குதித்தேன். "மூடி தெறந்தா அவ்வளவுதாங்க. காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிடும். நம்ம ஊர்ல கேக்கவே வேணாம், கடல் பக்கத்துல. சூடு ஏறினா கொதிச்சுப் போய், மிதிச்சா நிக்காது. எல்லாத்தையும் மிச்சம் வைப்பேன், இதை மட்டும் வைக்க மாட்டேன்."

இதை மட்டும் வைக்க மாட்டாய். அப்படியானால் உன் ஷெல்ஃபில் இருந்தது வேறு எதுவாக இருந்தாலும் இருக்கலாம், பிரேக் ஆயிலாக மட்டும் இருக்கவே முடியாது. அந்தத் தேன் நிறம் ஸ்டீயரிங் ஆயிலாகத்தான் இருக்கும். அது பட்டால் பிரேக்கின் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிடும், அப்புறம் பிரேக் பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும் என்று யாரோ ஒருவருடைய வண்டியைக் காட்டி நீயேதான் சொன்னாய். அய்யோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

வித்யாவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைப் பின்னால் டிக்கியில் இருக்கிற பையில் போட்டுவிட வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். அன்றைக்கு உன்மேல் எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னும் வரலையே, நான் வாசல்லதான் நிக்கிறேன்" என்றார். "வந்ததும் வண்டியை நகர விடாதீங்க. சாவியைப் பிடுங்கி வெச்சுக்குங்க. பிரேக்ல தப்பு நடந்துபோச்சு" என்றேன். அவர் பயந்து, "என்ன ஆச்சு, குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று கத்த ஆரம்பித்தார். ஒன்றும் ஆகவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

செருப்பை மாட்டினேனா என்பதுகூட நினைவில்லை. மந்தைவெளி மூலையில் ஒரு ஆட்டோவை மடக்கி ஏறிவிட்டேன். சிக்னல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறேன், எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா, நம் வண்டி போல சாம்பல் நிறத்தில் ஏதாவது குறுக்கே நிற்கிறதா என்று. ஒரு ஆம்புலன்ஸ் எதிரே போயிற்று. அதோடு என் உயிரும் போயிற்று.

"இன்னா சார், காலால இந்த உதை உதைக்கிற? தகரம் பேந்து கையில வந்துரும் போல கீது" என்றார் ஆட்டோக்காரர்.

"முன்னாடி என் பொண்ணு போறாப்பா. பிரேக்ல தப்பான ஆயிலை ஊத்திட்டேன். குழந்தை வேற உள்ளே இருக்கு."

அதற்கப்புறம் அவர் கேலி பேசவில்லை. ஒரு நிமிஷம் கண்ணாடியில் என்னையே பார்த்தார். "ஒண்ணியும் ஆவாது நைனா. இந்த டிராபிக்ல எவன் ஸ்பீடா போய்க்கினு இருக்கான்? உன் பொண்ணு எங்கனா சிக்னல்ல நின்னுகினு கீதுன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, அடையாறு பாலத்தில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே புகுந்தார் பார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக்குக்காக ஓடுகிறவன், பிரேக்கே போடாத ஆட்டோவில்.

பாலவாக்கத்தில் சம்பந்தி வீட்டுத் தெருவில் திரும்பியதும் வண்டி தெரிந்தது. கேட்டுக்கு வெளியே ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. நிலா பின்சீட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "தாத்தா வந்துட்டாரு, தாத்தாவும் வராரு!" என்று கத்தினாள். இறங்கினேன். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் வித்யாவின் முகம் வெளுத்துவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தாள். மூடியைக் கழற்றி ஒரு சொட்டு எடுத்து, தண்ணீர்ப் பாட்டில் மூடியில் விட்டாள். அது வட்டமாக மேலே மிதந்தது. கரையவே இல்லை.

"ஏன்பா ஊத்துனே? நேத்தே நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்பா. லெவல் கரெக்டாதான் இருந்துச்சு. யாரு உன்னைத் தொடச் சொன்னது?" தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "நிலாவை உட்கார வெச்சு நான் ஓட்டிட்டு வந்திருக்கேன். திருவான்மியூர் சிக்னல்ல ஒரு பைக்குக்காரன் குறுக்கே வந்தான். அழுத்தி மிதிச்சேன். நின்னுச்சு. நிக்காம போயிருந்தா?"

சம்பந்தியம்மாதான், "விடும்மா, ஓடி வந்துட்டாருல்ல" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வாடகைக் கார் பிடித்துக் கடலூர் போனார்கள். கிளம்புகிறபோது வித்யா மட்டும் திரும்பி வந்து, மெதுவாக, "எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்றாள். அம்மா தெறந்த டப்பாவை வெச்சுக்க மாட்டா என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, என் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

வண்டியைத் தூக்கிப் போகிற லாரி வரும்வரை அங்கேயே நின்றேன். பின்னாலேயே ஒர்க்‌ஷாப்புக்கும் போனேன். தி.நகரில் இருக்கிறதே, நீ முன்பு ஒருநாள் சண்டை போட்டாயே, அதே இடம். "மேடம், மெட்ராஸ் வெயிலுக்கு இந்த அஞ்சு-முப்பது இன்ஜின் ஆயிலெல்லாம் தண்ணி மாதிரி. இருபது-அம்பது ஊத்துங்க, கும்முனு இருக்கும்" என்றவரிடம், "வெயில் எனக்கும்தான் அடிக்குது. அதுக்காகக் கம்பளியா போத்திக்கறேன்? புக்ல என்ன போட்டிருக்கோ அதை ஊத்துங்க" என்று நீ சொன்னபோது, நான் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

இந்தத் தடவை நான் வாசலுக்குப் போகவில்லை. "இருக்கிறதை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு ஊத்தி ஓட்டிப் பாக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நான் விடவில்லை. "அதெல்லாம் வேணாம். குழாயெல்லாம் கழுவணும். ரப்பர் இருக்கிற எல்லாத்தையும் மாத்தணும். மூடியில டாட் ஃபோர்னு ஆயில் ரகம் போட்டிருக்கு, அதையே ஊத்தணும். புது டப்பா. என் கண்ணு முன்னாடி சீல் உடைக்கணும். மிச்சத்தைக் கொட்டிடணும்." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். இன்றைக்கும் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன். வண்டி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் ஷெல்ஃபைக் காலி செய்துவிட்டேன். பேரில்லாத ஒரு பாட்டிலும் இனி அதில் கிடையாது. மன்னித்துக்கொள்.

வித்யாவும் கடலூரிலிருந்து வந்துவிட்டாள். நாளைக்கு நிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட வண்டியை எடுக்கப்போகிறாள். எல்லாம் மாற்றியாயிற்று, ஓட்டியும் பார்த்தாயிற்று. ஆனாலும் பயம் விடவில்லை. நீ இருந்தவரை அதில் பாதியைத் திட்டியாவது வாங்கிக்கொள்வாய். இப்போது முழுசும் என்னிடமே இருக்கிறது. நான்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும், திரிகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினம் கோயில் குளத்தைச் சுற்றி வருகிறவன் நான். அன்றைக்கு ஆட்டோவில் பாலவாக்கம் போய்ச் சேரும்வரை என் வாயில் ஒரு சாமி பேரும் வரவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.