நூற்றுக்கு நூறு திருத்திய கார்த்திகைக் கூட்டம்

ஸ்கந்தபுரம்,
21.02.2025

என் கிருசாந்தனுக்கு,

பதினொரு வயதில், செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு நீ கேட்டாய்: "அம்மா, நட்சத்திரம் ஓடுதோ, நாங்கள் ஓடுறமோ?" நாங்கள்தான் என்றேன். அந்த ஓட்டம் இப்போது என்னைப் படுத்துகிறது.

போன லீவில் நீ முற்றத்துச் சீமெந்தில் பூட்டித் தந்த தொலைக்காட்டியில் கார்த்திகைக் கூட்டத்தைப் படமெடுத்தால், நட்சத்திரங்கள் இடியப்பச் சிக்காக வருகின்றன. வழிகாட்டிக் கமெரா ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அது விலகும்போது தொலைக்காட்டி நிற்கும் தாங்கியைத் திருத்தும் என்றாய். திருத்துகிறதுதான். ஆனால் லப்டொப்பில் விலகலைக் காட்டும் கோடு வாள்பல் போல ஏறி இறங்குகிறது. கேபிளைக் கழற்றிப் பூட்டியும் பார்த்தேன். கோட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

நாலு மாதமாக நீ மின்னஞ்சலில் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. என்னில் கோபமென்றால் சொல். இல்லாவிட்டால் தொலைக்காட்டியைச் சாட்டி எழுதவேண்டிய நிலை எனக்கு ஏன்? நீ அனுப்பிய கடைசிப் படத்தில் மெலிந்திருக்கிறாய். தலைமயிர் வெட்டவில்லை. அலுவலகத்தில் பதவி உயர்வு கேட்டாயா?

அம்மா

ஒஸ்லோ,
22.02.2025

அன்பான அம்மா,

கோபமில்லை. கோட்டைப் பார்த்தேன். கேபிளில் பிழையில்லை, துருவ நட்சத்திரத்துக்கு நேராகத்தான் தாங்கி நிற்கிறது. மென்பொருளில் 'திருத்தும் அளவு' என்று ஓர் எண் இருக்கும். நான் எழுபது வைச்சுவிட்டு வந்தனான். இப்ப எவ்வளவு? எவ்வளவு சிறிய விலகலைக் கவனியாமல் விடலாம் என்று இன்னோர் எண்ணும் இருக்கு. அதையும் பாருங்கோ.

தலைமயிர் வெட்டுறன்.

கிருசா

ஸ்கந்தபுரம்,
23.02.2025

அன்பு மகனே,

நூறு. நான்தான் மாற்றினேன். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவளிடம், பிழையில் எழுபது வீதத்தைத் திருத்தினால் போதும் என்று ஒரு மெசின் சொன்னால் பொறுக்குமா? மற்ற எண்ணைப் பூச்சியமாக்கினேன். சின்னப் பிழையை விட்டால்தான் அது பெரிதாகும். உன் பின்னக் கணக்குகளை நான் அப்படித்தான் நேராக்கினேன்.

பதவி உயர்வு பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அம்மா

ஒஸ்லோ,
25.02.2025

அம்மா,

சிரிச்சுப்போட்டு எழுதுறன். நட்சத்திரம் துள்ளுவது காற்றால். தாங்கி பிழை விடவில்லை. ஒவ்வொரு செக்கனும் முழுதாகத் திருத்தினால், திருத்தம் போய்ச் சேரமுன் நட்சத்திரம் தானாகத் திரும்பிவிடும். பிறகு அந்தத் திருத்தமே புதுப் பிழை. அறுபது வையுங்கோ. மூன்று செக்கனுக்கு ஒருக்கால் பார்த்தால் போதும். சின்ன விலகல்களை விடுங்கோ.

இன்னொன்று. நவம்பரில் அலுவலகத்தை விட்டுவிட்டேன். ட்ராம் ஓட்டப் பழகி, ஜனவரியிலிருந்து ஓட்டுகிறேன். காலையில் எழும்ப விருப்பமாக இருக்கு. உங்களுக்கு எழுதத் தொடங்கினால் நீங்கள் அனுப்பப்போகும் பதில்தான் முதலில் கண்ணுக்குள் வரும். அதாலதான் ஒரு வரி. இந்தமுறை என்ன எழுதினாலும் வாசிப்பன்.

கிருசா

ஸ்கந்தபுரம்,
01.03.2025

என் கிருசாவுக்கு,

உன் கடிதம் கண்ட அன்றே ஒரு பதில் எழுதினேன். இலக்கமிட்டு ஏழு காரணங்கள். எல்லாம் நியாயமானவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அனுப்பவில்லை.

அறுபது வைத்தேன். கோடு சின்னதாக நடுங்கியது. கை மவுசுக்குப் போனது. எழும்பிப் போய்க் குசினியில் பருப்பை அடுப்பில் வைத்தேன். அது அவியும் நேரம் முழுவதும் நான் திரும்பி வரவில்லை. வந்து பார்த்தால் கார்த்திகையின் ஆறும் உருண்டையாக நின்றன. இடையில் எனக்குப் பெயர் தெரியாத பொடி நட்சத்திரங்கள் எத்தனையோ. படம் இத்துடன் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அருந்ததி வந்து, "ரீச்சர், மகன் இப்ப என்ன வேலை?" என்று கேட்டா. "ட்ராம் ஓட்டுறான்" என்றேன். அவ திரும்பக் கேட்க, இரண்டாம் தடவை சொன்னபோது இலகுவாக வந்தது. "தண்டவாளத்தில பனி கிடந்தா வழுக்காதோ?" என்றா. எனக்குத் தெரியவில்லை. இருவரும் உன்னைக் கேட்பதென்று முடிவெடுத்தோம்.

நாளைக்கு வண்டியை விட்டு இறங்கியதும், பனியில் அதை எப்படி நிறுத்துகிறாய் என்று ஒரு பக்கம் எழுது.

அம்மா