பக்கத்து இருக்கை

மார்ச் 3
சர்க்கரை டாக்டர் இன்று சர்க்கரையை விட்டுவிட்டு மூளையைப் பிடித்துக்கொண்டார். பல வருடச் சர்க்கரை, மரத்துப்போன பாதம், அடங்காத ரத்த அழுத்தம் - இத்தனையும் சேர்ந்தால் ஞாபகத்தையும் சோதிப்பது நல்லதாம். ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவன் நான். எனக்கே தேர்வா?

மார்ச் 5
ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். மூன்று வந்தது. கடிகாரம் வரையச் சொன்னார்கள். முள் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கலாம். "பரவால்ல சார், நல்லாத்தான் பண்ணீங்க" என்றாள் சோதித்த பெண். ஒருவரை ஃபெயிலாக்கும்போது நானும் இதே குரலில்தான் பேசுவேன்.

மார்ச் 6
மறதியின் ஆரம்பமாம். கார் ஓட்ட வேண்டாமாம். மனைவியிடம் சொல்லவில்லை. கேட்டால், மறந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 14
கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு கார் ஓட்டி வந்திருக்கிறேன். இன்னொன்று எங்கே கழன்றதென்று காலுக்குத் தெரியவில்லை. பிரேக் என்று நினைத்து எதையோ மிதித்தேன். கேட் வளைந்துவிட்டது. நல்லவேளை, எங்கள் வீட்டு கேட்.

"சுகர் இறங்கியிருக்கும்" என்றேன். மனைவி உடனே விரலில் குத்திப் பார்த்தாள். நூற்று நாற்பது. மெஷினுக்கு விசுவாசமே இல்லை.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

சொல்லிவிட்டேன். சாவிக்குக் கை நீட்டினாள். நீயா ஓட்டப்போகிறாய் என்று சிரித்தேன்.

"மேட்டுல வண்டி பின்னால போச்சுன்னு அன்னிக்கு என்னை ஃபெயிலாக்கினீங்கல்ல. அத மட்டும் மறக்க மாட்டீங்களே."

பெண்டாட்டி என்று சலுகை காட்டாத நேர்மையை இந்த வீட்டில் யாரும் பாராட்டியதில்லை.

மார்ச் 15
பயமா இருக்கு. வேற என்னத்த எழுதறது.

ஏப்ரல் 20
அம்மையார் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். மாலையில் எங்கள் தெருவில் பழகும்போது பக்கத்து இருக்கை எனக்கு. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். "கத்தாம வாங்க, இல்லாட்டி இறங்கிக்கங்க" என்றாள்.

ஜூன் 9
பாஸாகிவிட்டாள். இப்போதெல்லாம் தேர்வின் தரம் ரொம்பக் குறைந்துவிட்டது.

ஜூலை 12
மகள் வீட்டுக்குப் போனோம். பெரிய சிக்னலில் நின்றபோது, "எந்தப் பக்கங்க?" என்று மனைவி கேட்டாள். வாராவாரம் நான் ஓட்டிப்போன வழி. வலதா? இடதா? இடது என்றேன். அப்புறம்தான் பார்த்தேன், வண்டியில் ஏற்கெனவே வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது.

அவள் அதை அணைத்தாள். இடது பக்கம் திருப்பி, எங்கெங்கோ சுற்றி மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"இந்த வழியில கூட்டம் கம்மிதாங்க" என்றாள்.

மகள் வீட்டு வாசல் நல்ல மேடு. வண்டி கொஞ்சம்கூடப் பின்னால் நகரவில்லை. பாஸ் என்றேன். அவள் என் பக்கத்துக் கதவைத் திறந்து, செருப்பு இரண்டும் காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.