அறுபத்திரண்டு கிலோ

அன்பு மகளே,

எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே கவிழ்ந்த உன் அப்பா இப்போது காரைத் தராசில் ஏற்றி எடை பார்க்கிறேன், சிரித்துக்கொள். நீ விற்கச் சொன்ன காரை டிராக் ரேசுக்கு மாற்றுகிறேன். எடை குறைய ஏசி, கம்பளம், பின்சீட் எல்லாம் கழற்றியாயிற்று. என் தொப்பைதான் பாக்கி.

இன்று பக்கத்து சீட்டையும் கழற்றினேன். உன் தம்பி கடைசியாக உட்கார்ந்து வந்த சீட். எடை இறங்கவில்லை, அறுபத்திரண்டு கிலோ ஏறியது. அது யார் எடை என்று நான் எழுத வேண்டியதில்லை.

மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, சீட்டை மாட்டிருங்க. புள்ள நின்னுக்கிட்டேவா வரும்?"

மாட்டினேன். விபத்தன்று அவன் பெல்ட் போட்டானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று நானே போட்டுவிட்டேன். காலி சீட்டில் அது தொங்கவில்லையம்மா. ஒரு நெஞ்சளவு முன்னால் இறுகி நிற்கிறது.

நாளை ரேசிலும் மெதுவாகவே ஓட்டப்போகும்,
உன் அப்பா